வந்தவாசியில் பாக்கி நின்ற சம்பளம்

கர்நாடகப் போர்கள் மூன்று என்று பள்ளியில் படித்தவர்களுக்கு மூன்றாவது போரைப் பற்றிய பாடம் எப்படித் தொடங்கும் என்பதும் நினைவிருக்கும். ஐரோப்பாவில் ஏழாண்டுப் போர் மூண்டது. அதன் எதிரொலியாக இங்கும் ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் மோதிக்கொண்டார்கள். 1760இல் வந்தவாசியில் பிரெஞ்சுக்காரர் தோற்றார்கள். அத்தோடு இந்தியாவில் அவர்களுடைய ஆதிக்கக் கனவு முடிந்தது. தேர்வில் மதிப்பெண் வாங்க இது போதும். எனக்கோ இந்த நான்கு வரிகளுக்கு நடுவே ஏதோ விடுபட்டுப் போயிருக்கிறது என்ற எண்ணம் நெடுநாளாக உறுத்திக்கொண்டே இருந்தது. கனடாவின் பனிக்காட்டிலும் ஜெர்மனியின் உருளைக்கிழங்கு வயல்களிலும் கியூபாவின் கடற்கரையிலும் ஒரே காலத்தில் நடந்த ஒரு போர், வட ஆற்காட்டின் ஏரிக்கரை ஒன்றுக்கு எப்படி வந்து சேர்ந்தது, வந்தபின் அதன் முடிவைத் தீர்மானித்தது எது என்ற கேள்விக்குப் பாடப்புத்தகம் கிளைவ், கூட், லாலி என்று சில பெயர்களைத்தான் பதிலாகத் தருகிறது.

திருவண்ணாமலைக்குப் போகும் வழியில் வந்தவாசியில் இறங்கிக் கோட்டையின் மிச்சத்தைப் பார்த்துவிட்டு, அந்த ஊருக்குப் பேர் வாங்கித் தந்த கோரைப்பாய் ஒன்றை வாங்கலாமென்று ஒரு கடையில் நின்றேன். எங்கே போய் வருகிறேன் என்று கடைக்காரர் விசாரித்தார். சொன்னேன். “அது வெள்ளைக்காரங்க சண்டை சார். அவங்க ஊர்ல அடிச்சிக்கிட்டாங்க, இங்கயும் வந்து அடிச்சிக்கிட்டாங்க. நம்ம ஆளுங்களுக்கு அதுல என்ன இருக்கு?” என்று பாயைச் சுருட்டிக்கொண்டே கேட்டார். பாடப்புத்தகம் சொல்வதைத்தான் அவரும் தம் வாய்மொழியில் சொன்னார். மறுத்துச் சொல்ல அப்போது என்னிடம் பெயர்களும் தேதிகளும் இருந்தன, வாதம் இருக்கவில்லை. அந்த வாதத்தை எங்கிருந்து தொடங்குவது என்பது, 1759ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில் வந்தவாசியிலும் பிரான்சிலும் தனித்தனியே நடந்த இரண்டு காரியங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோதுதான் எனக்குத் தெளிவாயிற்று. அதற்கு வருமுன் போர் மூண்ட கதையைச் சற்றுப் பார்த்துவிட வேண்டும்.

இரண்டு பகைகள், ஒரு போர்

ஏழாண்டுப் போருக்கு ஒரே ஒரு காரணம் சொல்ல முயல்பவர்கள் எப்போதும் தடுமாறுவார்கள். ஏனென்றால் அது ஒன்றோடொன்று தொடர்பில்லாத இரண்டு பகைகள் சேர்ந்து பின்னிக்கொண்ட போர். முதலாவது, வட அமெரிக்காவின் ஒகையோ ஆற்றுப் பள்ளத்தாக்கு யாருக்குச் சொந்தம் என்பதில் பிரிட்டனுக்கும் பிரான்சுக்கும் இருந்த பகை. 1754 மே மாதத்தில் வர்ஜீனியாவின் குடிப்படையைச் சேர்ந்த இருபத்திரண்டு வயது அதிகாரி ஒருவர் தம் ஆட்களோடு காட்டுக்குள் ஒரு சிறிய பிரெஞ்சுக் குழுவைத் தாக்கினார். அதன் தலைவர் ஜுமான்வில் கொல்லப்பட்டார். அந்த இளம் அதிகாரியின் பெயர் ஜார்ஜ் வாஷிங்டன். போர் முறைப்படி அறிவிக்கப்படுவதற்கு முன்பே, 1755இல், பிரிட்டிஷ் கடற்படை முந்நூறு அளவிலான பிரெஞ்சு வணிகக் கப்பல்களைப் பிடித்து, அவற்றிலிருந்த ஆயிரக்கணக்கான மாலுமிகளைச் சிறையில் அடைத்தது. போர் தொடங்கும் முன்பே எதிரியின் கப்பலோட்டத் தெரிந்த கைகளைக் கட்டிவிட்ட இந்தச் செயலைப் பாடங்கள் ஏனோ கண்டுகொள்வதில்லை. நான்காண்டுகள் கழித்து நம் சோழமண்டலக் கடற்கரையில் அதன் விலை தெரிந்தது.

இரண்டாவது பகை சிலேசியா என்ற செழிப்பான மாகாணத்தைப் பற்றியது. 1740இல் பிரஷ்யாவின் பிரெடெரிக் அதை ஆஸ்திரியாவின் மரியா தெரேசாவிடமிருந்து பறித்துக்கொண்டார். அதை மீட்பதற்காக மரியா தெரேசா தம் குலத்தின் பரம்பரை எதிரியான பிரான்சோடு 1756 மே மாதம் உடன்படிக்கை செய்துகொண்டார். அதற்குச் சில மாதங்களுக்கு முன் பிரிட்டன் பிரஷ்யாவோடு கைகோத்திருந்தது. பிரெடெரிக் காத்திருக்கவில்லை, ஆகஸ்ட் இறுதியில் சாக்சனிக்குள் படையை நடத்தினார். ரஷ்யாவும் ஸ்வீடனும் ஆஸ்திரியாவின் பக்கம் வந்தன. ஒகையோ காட்டுக்கும் சிலேசியாவுக்கும் எந்தச் சம்பந்தமும் கிடையாது; இரண்டிலும் பிரான்ஸ் இருந்தது என்பதைத் தவிர. கடலுக்கு அப்பால் பிரிட்டனோடும், கண்டத்துக்குள் பிரஷ்யாவோடும் ஒரே கருவூலத்தை வைத்துக்கொண்டு போரிட வேண்டிய நிலைக்குப் பிரான்ஸ் தானாகவே போய் மாட்டிக்கொண்டது. பின்னால் நடந்தவற்றில் பெரும்பகுதி இந்த ஒரு முடிவிலிருந்து கிளைத்தது என்பது என் எண்ணம்.

எதிரொலி என்று சொல்பவர்கள் பக்கமும் ஒரு நியாயம் உண்டு. புதுச்சேரியின் பிரெஞ்சு ஆளுநர் தூப்ளே 1754இல் திருப்பி அழைக்கப்பட்டபின், அவருக்குப் பதிலாக வந்த கோதெ அவ்வாண்டு இறுதியில் ஆங்கிலக் கம்பெனியோடு தற்காலிக உடன்பாடு செய்துகொண்டார். சென்னையும் புதுச்சேரியும் அப்போது களைத்துப்போய் அமைதியைத்தான் விரும்பின. ஆனால் போர்ச் செய்தி வந்து சேர்ந்தபோது இங்கே நடந்தவை வேறெங்கோ எழுந்த ஓசையின் மெல்லிய மறுபதிப்பாக இருக்கவில்லை. 1756 ஜூனில் வங்காள நவாப் சிராஜ் உத்தௌலா ஆங்கிலேயரின் கல்கத்தாவைப் பிடிக்க, பிரெஞ்சுக்காரருக்கு எதிராகச் சென்னையில் திரட்டியிருந்த படை கிளைவ், வாட்சன் ஆகியோரின் தலைமையில் வங்காளத்துக்குப் போயிற்று. அடுத்த மார்ச்சில் பிரெஞ்சுக்காரரின் சந்திரநகர் விழுந்தது, ஜூன் 23 அன்று பிளாசிப் போரில் நவாப் தோற்றார். அன்று முதல் வங்காளத்தின் கருவூலம் ஆங்கிலக் கம்பெனியின் கைக்கு எட்டும் தூரத்துக்கு வந்துவிட்டது. லண்டனில் எந்த அமைச்சரும் திட்டமிடாத இந்த ஒரு மாற்றம், போரின் போக்கில் ஐரோப்பிய வெற்றிகள் பலவற்றைவிடக் கனமானது.

லாலி வந்து இறங்கியது

இந்தியாவில் பிரெஞ்சுப் படைக்குத் தலைமையேற்க அனுப்பப்பட்ட தாமஸ் ஆர்தர் லாலி, நாடிழந்து பிரான்சில் தஞ்சம் புகுந்த ஐரிஷ் குடும்பத்தில் பிறந்தவர். 1745இல் ஃபோந்தெனுவா போரில் ஆங்கிலேயரை எதிர்த்துப் பேரெடுத்தவர். 1757இல் பிரெஸ்ட் துறைமுகத்திலிருந்து புறப்பட்ட அவர் புதுச்சேரியில் இறங்கியபோது 1758 ஏப்ரல் 28 ஆகிவிட்டது. ஏறத்தாழ ஓராண்டுக் கடற்பயணம். இறங்கியவுடன் கடலூருக்குப் படையைக் கிளப்பினார். சுமை இழுக்க மாடும் இல்லை, வண்டியும் இல்லை, வழியில் உணவும் இல்லை என்று தெரிந்ததும் புதுச்சேரிவாசிகளைச் சாதி பாராமல் பிடித்துச் சுமை தூக்க வைத்தார். சாதி பாராமல் என்பதை இன்று படிக்கும்போது சிலருக்கு அது ஒரு சீர்திருத்தம்போலத் தோன்றக்கூடும்; அடித்துச் சுமக்க வைக்கப்பட்டவர்களுக்கு அப்படித் தோன்றியிருக்க வாய்ப்பில்லை. ஜூன் 2 அன்று கடலூரை அடுத்திருந்த ஆங்கிலேயரின் புனித டேவிட் கோட்டை விழுந்தது. லாலி அதைத் தரைமட்டமாக்கினார்.

அடுத்து சென்னையைத் தாக்க வேண்டும் என்றால் பணம் வேண்டும். புதுச்சேரிக் கருவூலத்தில் பணம் இல்லை. எனவே தஞ்சாவூர் அரசர் பிரதாப சிங் முன்னொரு காலத்தில் எழுதிக்கொடுத்திருந்த 56 லட்ச ரூபாய் பத்திரம் ஒன்றைத் தூசு தட்டி எடுத்துக்கொண்டு கடன் வசூலிக்கத் தெற்கே போனார். வழியில் நாகூரைச் சூறையாடினார். கீவளூர்க் கோயிலில் புதையல் இருக்கும் என்று தேடி ஏமாந்து, அங்கிருந்த பிராமணர்கள் சிலரை ஒற்றர்கள் என்று சொல்லிப் பீரங்கி வாயில் கட்டிச் சுட்டார். தஞ்சைக் கோட்டைச் சுவரில் பிளவு விழுந்திருந்த நேரத்தில், காரைக்காலுக்கு அப்பால் கடலில் போக்காக்கின் ஆங்கிலக் கப்பற்படையிடம் தாஷேயின் பிரெஞ்சுக் கப்பற்படை அடிவாங்கியது என்ற செய்தி வந்தது. காரைக்கால் பறிபோனால் உணவுக்கும் வழியில்லை. ஆகஸ்டில் லாலி முற்றுகையை விட்டுத் திரும்பினார். பணமும் வரவில்லை, பழிதான் வந்தது.

அவ்வாண்டு டிசம்பரில் சென்னை முற்றுகை. கோட்டைக்கு வடக்கே இருந்த கறுப்பர் நகரத்துக்குள் பிரெஞ்சுப் படை நுழைந்த அன்றே வீரர்கள் வீடுகளைக் கொள்ளையடித்துச் சாராயத்தில் மிதந்தார்கள் என்று எழுதாத ஆங்கில வரலாற்றாசிரியர் இல்லை. அதற்கு ஒரு காரணம் இருந்தது என்பதை அவர்கள் போகிறபோக்கில்தான் குறிப்பிடுகிறார்கள்: அந்த வீரர்களுக்குச் சம்பளம் வந்து நாளாகியிருந்தது. யூசுப் கான், நம் ஊர்க் கதைகளின் மருதநாயகம், வெளியிலிருந்து பிரெஞ்சுக்காரரின் உணவு வழியை மறித்துக்கொண்டே இருந்தார். 1759 பிப்ரவரி 16 அன்று மாலை ஆங்கிலக் கப்பல்களின் பாய்கள் கடலில் தென்பட்டன. மறுநாள் லாலி முகாமைக் காலி செய்தார். அவ்வாண்டு ஏப்ரலில், கிளைவ் வங்காளத்திலிருந்து அனுப்பிய ஃபோர்டு மசூலிப்பட்டணத்தைப் பிடித்தார். வட சர்க்கார் மாவட்டங்களின் வரி வருமானமும் பிரெஞ்சுக்காரருக்கு இல்லை என்றாயிற்று.

1759 அக்டோபர்

உலகப் போர்களில் ஒவ்வொன்றுக்கும் ஒரு திருப்புமுனை ஆண்டு சொல்வார்கள். ஏழாண்டுப் போருக்கு அது 1759. செப்டம்பர் 13 அன்று கியூபெக்கின் மதிலுக்கு வெளியே இரண்டு தரப்புத் தளபதிகளும், வுல்ஃபும் மோன்கால்மும், படுகாயமுற்று இறந்த சண்டையில் கனடாவின் விதி பெரும்பாலும் முடிவாயிற்று. ஆகஸ்டில் குனர்ஸ்டார்ஃபில் பிரெடெரிக் தம் ஐம்பதாயிரம் பேரில் ஏறத்தாழ பத்தொன்பதாயிரம் பேரை இழந்து, எல்லாம் முடிந்தது என்று எழுதினார், முடியவில்லை. நவம்பர் 20 அன்று புயற்காற்றில் குவிபெரான் வளைகுடாவுக்குள் துரத்திப் போன ஆங்கிலக் கடற்படைத் தளபதி ஹாக், பிரிட்டன்மீது படையெடுக்கக் காத்திருந்த பிரெஞ்சுக் கப்பற்படையைப் பாறைகளில் மோதவிட்டுச் சிதைத்தார். இவையெல்லாம் ஓவியங்களாகவும் சிலைகளாகவும் நிற்கின்றன. நான் சொல்ல வருவதற்கு ஓவியம் கிடையாது.

சோழமண்டலக் கரையில் அப்போது துறைமுகம் என்று ஒன்றும் இல்லை. கப்பல்கள் திறந்த கடலில் நங்கூரமிட்டு நிற்கும். மசூலா படகுகளில் சரக்கும் ஆளும் அலையைத் தாண்டிக் கரைக்கு வர வேண்டும். ஐப்பசியில் வடகிழக்குப் பருவக்காற்று தொடங்கிவிட்டால் அங்கே நிற்பது தற்கொலை. ஆங்கிலேயருக்குப் போய் ஒதுங்கிப் பழுதுபார்க்கப் பம்பாய் இருந்தது. பிரெஞ்சுக்காரருக்கு இருந்தது மொரீசியஸ். அங்கே கப்பல்களுக்கு வேண்டிய உணவுகூடக் கிடைக்காமல் நன்னம்பிக்கை முனைக்கு ஆளனுப்பி வாங்க வேண்டியிருந்தது. 1759 செப்டம்பர் 10 அன்று போக்காக்கோடு மூன்றாவது முறையாக மோதிய தாஷே, புதுச்சேரிக்கு வந்து கொஞ்சம் பணத்தையும் ஆட்களையும் இறக்கிவிட்டு உடனே கிளம்பப் பார்த்தார். நகரமே பதறிற்று. ஆலோசனைச் சபை கூடி, கப்பற்படை போய்விட்டால் இந்த நாட்டை இழந்ததற்கு நீரே பொறுப்பு என்று எழுத்தில் கண்டனம் அனுப்பியது. தாஷே திரும்பி வந்தார்; இன்னும் சில நூறு பேரை இறக்கினார்; அக்டோபர் முதல் நாள் பாய் விரித்துப் போனார். அதற்குப் பிறகு அந்தப் போரில் பிரெஞ்சுப் போர்க்கப்பற்படை ஒன்று இந்தக் கரைக்கு வரவே இல்லை.

செப்டம்பர் இறுதியில், மேஜர் பிரெரட்டன் தலைமையில் ஆங்கிலேயர் வந்தவாசியை இரவில் தாக்கி, நல்ல சேதத்தோடு விரட்டப்பட்டார்கள். பிரெஞ்சுக்காரர் வென்றார்கள். வென்ற அந்தப் படைதான் சுமார் இரண்டரை வாரம் கழித்துக் கலகம் செய்தது. ஓராண்டுக்கும் மேலாகச் சம்பளம் பாக்கி. அக்டோபர் நடுவில் ஒரு நாள் காலை லோரேன் படைப்பிரிவினர் முரசை அறைந்து, ஆயுதங்களோடு அணிவகுத்து, அதிகாரிகளை விட்டுவிட்டு முகாமைவிட்டு வெளியேறினார்கள். மற்றப் பிரிவுகளும் சேர்ந்துகொண்டன. கலகம் என்றவுடன் நாம் கற்பனை செய்துகொள்ளும் கூச்சல் குழப்பம் அங்கே இல்லை. ஒரு சார்ஜெண்ட் மேஜரைத் தங்கள் தளபதியாகத் தேர்ந்தெடுத்தார்கள், அதிகாரிகளை நியமித்தார்கள், காவல் வைத்தார்கள், ஒழுங்கு குலையாமல் பார்த்துக்கொண்டார்கள். பாக்கியைக் கொடுக்காவிட்டால் என்ன செய்வோம் என்பதையும் தெரிவித்தார்கள். ஆங்கிலேயரின் பக்கம் போய்விடுவோம் என்ற அச்சுறுத்தல் அதில் அடங்கியிருந்தது. புதுச்சேரியில் லாலி தம் சொந்தப் பணத்தைப் போட்டு, மற்றவர்களையும் போடவைத்துத் திரட்டியதைக் கொண்டு அரைப்பாக்கியைத் தீர்த்து, மன்னிப்பும் வழங்கி அவர்களைத் திரும்ப அழைத்துக்கொண்டார்.

அதே அக்டோபரில் பிரான்சில் அரசாங்கம் தன் கடன்களில் பெரும்பகுதிக்குப் பணம் கொடுப்பதை நிறுத்திவைத்து ஆணையிட்டது. நவம்பரில் பதினைந்தாம் லூயி தம் அரண்மனை வெள்ளிப் பாத்திரங்களை உருக்கி நாணயமடிக்க அனுப்பினார். பிரபுக்களும் தங்கள் தட்டுகளையும் கிண்ணங்களையும் அனுப்பும்படி ஆயிற்று. புதுச்சேரியிலிருந்து ஒரு கடிதம் வெர்சாய்க்குப் போய்ச் சேர அரையாண்டுக்கும் மேலாகும். வந்தவாசியில் முரசடித்தவர்களுக்கு வெர்சாயில் வெள்ளி உருகுவது தெரிந்திருக்க வழியில்லை. வெர்சாய்க்கும் இவர்களைத் தெரியாது. இங்கே கேட்டது எதிரொலி என்றால் முதல் ஓசை எங்கே எழுந்தது? ஒரே கருவூலம் வற்றியபோது அதன் இரண்டு கோடிகளிலும் ஒரே சமயத்தில் தரை தெரிந்தது, அவ்வளவுதான்.

பிரிட்டன் பணத்தில் மிதந்ததாக நினைக்க வேண்டாம். அதன் தேசியக் கடன் போர்க்காலத்தில் ஏறத்தாழ ஏழரைக் கோடி பவுனிலிருந்து பதின்மூன்று கோடிக்கு மேல் உயர்ந்தது. பிரெடெரிக்குக்கு மட்டும் ஆண்டுக்கு 6,70,000 பவுன் மானியம் போயிற்று. வேறுபாடு எங்கே என்றால், நாடாளுமன்றம் வரி போட்டு வட்டியைக் கட்டும் என்று கடன் கொடுத்தவர்கள் நம்பினார்கள். பிரான்சின் அரசர் கட்டுவார் என்று நம்ப ஆள் குறைந்துகொண்டே வந்தது. அந்த நம்பிக்கைக்கு வட்டி விகிதத்தில் ஒரு விலை உண்டு. லாலியின் சிப்பாய்க்கு மாதச் சம்பளம் வந்ததா இல்லையா என்பதில் அந்த விலை தெரிந்தது.

ஏரிக்கரையில்

கலகத்துக்குப் பின் நடந்தவை சீட்டுக்கட்டு சரிவதுபோல நடந்தன. பாக்கி மீதியையும் தீர்க்க வேண்டும். தெற்கே வரி வசூலிக்கக்கூடிய நிலம் வேண்டும். ஆகவே நவம்பரில் லாலி தம் படையில் ஒரு பெரும் பகுதியைப் பிரித்துத் திருவரங்கத்துக்கு அனுப்பினார். அவர்கள் அங்கே போய் அந்தத் தீவைப் பிடித்தும்விட்டார்கள். வடக்கே படை மெலிந்தது. அக்டோபர் கடைசியில்தான் தம் படைப்பிரிவோடு சென்னையில் வந்திறங்கியிருந்த ஆங்கிலத் தளபதி அயர் கூட் இதைப் பயன்படுத்திக்கொண்டு நவம்பர் இறுதியில் வந்தவாசிக் கோட்டையையும், டிசம்பரில் கருங்குழியையும் எளிதாகப் பிடித்துக்கொண்டார். இழந்ததை மீட்க லாலி ஜனவரியில் வந்தவாசியை முற்றுகையிட, கோட்டையைக் காக்கக் கூட் வர, 1760 ஜனவரி 22 அன்று இரண்டு பக்கமும் ஏறத்தாழ இரண்டாயிரம் ஐரோப்பியர்களோடு மோதினார்கள்.

சண்டையை வரைபடத்தில் பார்த்தால் அழகாகத்தான் இருக்கும். பிரெஞ்சு அணியின் இடக்கோடி ஒரு ஏரியின் கரைமேல் அமைந்திருந்தது. கரையே அரணாகப் பயன்பட்டது. லாலி குதிரைப்படையைத் தாமே முன்னின்று நடத்தப் போனபோது முதலில் அவர்கள் நகர மறுத்தார்கள். மூன்று மாதம் முன்பு கலகம் செய்த லோரேன் படைப்பிரிவு, நெருக்கமான வரிசையாகப் பாய்ந்து ஆங்கில அணியை ஒருமுறை பிளந்தே விட்டது. பக்கத்திலிருந்து வந்த சூட்டில் சிதறிற்று. அந்த நேரத்தில் ஆங்கிலப் பீரங்கிக் குண்டு ஒன்று ஏரிக்கரையில் நின்ற வெடிமருந்து வண்டியில் விழுந்தது. எண்பது பேர் அளவில் ஒரே கணத்தில் செத்தும் கருகியும் விழுந்தார்கள். மிஞ்சியவர்கள் கரையை விட்டு ஓட, அந்த இடத்தை மீட்க முன்னேறிய புஸ்ஸி, ஐதராபாத்தில் பல ஆண்டுகள் அரசர்களை ஆட்டிவைத்தவர், குதிரை சுடப்பட்டுக் கைதியானார். ஏரியைக் கைப்பற்றப் பாய்ந்த பிரெரட்டன் படுகாயமுற்றுச் செத்தார். லாலிக்குத் துணையாக வந்திருந்த மராட்டியக் குதிரைவீரர்கள் தூரத்தில் நின்று பார்த்துவிட்டுக் கிளம்பினார்கள். சண்டை முடிந்ததும் சிப்பாய்த் தலைவர்கள் கூட்டிடம் வந்து, இப்படியொரு போரைத் தாங்கள் கண்டதில்லை என்று வாழ்த்தியதாக ஆங்கிலேயர் எழுதிவைத்திருக்கிறார்கள். சொல்லியிருக்கலாம். வென்றவரின் முகாமில் வேறென்ன சொல்வது?

அந்த வண்டியில் குண்டு விழாதிருந்தால் லாலி வென்றிருப்பாரோ என்று கேட்பவர்கள் உண்டு. வென்றிருக்கலாம். செப்டம்பரில் அதே ஊரில் அவருடைய படை வென்றது. வென்று என்ன ஆயிற்று என்று பார்த்தோம்.

புதுச்சேரியின் கடைசி மாதங்கள்

ஆற்காடு, காரைக்கால், கடலூர் என்று 1760 முழுவதும் ஊர்களும் கோட்டைகளும் ஒவ்வொன்றாகப் போயின; செஞ்சி போன்ற சிலதான் மிஞ்சின. செப்டம்பர் முதல் புதுச்சேரி தரைவழியிலும் கடல்வழியிலும் அடைபட்டது. நவம்பர் கடைசியில் உணவு தீர்ந்துகொண்டு வந்தபோது, போரிட உதவாத உள்ளூர் மக்கள், ஆணும் பெண்ணும் குழந்தையுமாக ஆயிரத்துக்கும் மேற்பட்டோர், நகரைவிட்டு வெளியேற்றப்பட்டார்கள். ஆங்கிலேயர் அவர்களைத் தம் காவல் வரிசையைத் தாண்டவிடவில்லை. திரும்பினால் கோட்டையிலிருந்து சுட்டார்கள். இரண்டு படைகளுக்கும் நடுவே இருந்த வெளியில் பல நாட்கள், புல்லின் வேரைப் பிடுங்கித் தின்றுகொண்டு கிடந்தார்கள் என்று ஆங்கிலேயரே எழுதியிருக்கிறார்கள். கடைசியில் வழிவிட்டார்கள். இந்த மனிதர்களில் ஒருவருடைய பெயரும் நமக்குக் கிடைக்கவில்லை. 1736 முதல் புதுச்சேரியின் நடப்புகளை நாட்குறிப்பாக எழுதிவந்த ஆனந்தரங்கப் பிள்ளை அப்போது நோயில் கிடந்தார்; நகரம் வீழ்ந்த அதே ஜனவரி மாதத்தில் அவரும் போய்ச் சேர்ந்தார்.

1761 புத்தாண்டு நாளில் வீசிய புயலில் முற்றுகையிட்டிருந்த ஆங்கிலக் கப்பல்கள் சில மூழ்கி, சில கரையில் மோதி, ஆயிரம் பேருக்கு மேல் இறந்தார்கள். அந்தச் சில நாட்கள் கடல் திறந்து கிடந்தது. உணவேற்றிய கப்பல் ஒன்றேனும் வந்து சேராதா என்று லாலி அருகிலிருந்த டச்சுக்காரர், டேனிஷ்காரர் ஊர்களுக்கெல்லாம் ஆளனுப்பினார். வரவில்லை. ஒரு வாரத்துக்குள் ஆங்கிலக் கப்பல்கள் மறுபடி வந்து நின்றன. ஜனவரி நடுவில் நகரம் சரணடைந்தது.

அடுத்து நடந்த தகராறுதான் எனக்குப் பிடித்தது. புதுச்சேரி யாருக்கு? அரசரின் படைத்தளபதியான கூட்டுக்கும் அவருடைய அதிகாரிகளுக்கும் அது அரசருக்குச் சேர வேண்டும் என்பது கருத்து. சென்னை ஆளுநர் பிகட்டுக்கு அது கம்பெனிக்குச் சேர வேண்டும். விவாதம் நீண்டபோது பிகட் சுருக்கமாக முடித்தார்: ஊரைக் கம்பெனியிடம் ஒப்படைக்காவிட்டால் அரசரின் படைக்கும் பிரெஞ்சுக் கைதிகளுக்கும் செலவுக்குப் பணம் தரமாட்டேன். ஊர் கம்பெனிக்குப் போயிற்று. புனித டேவிட் கோட்டைக்குப் பழிவாங்க மதிலும் மாளிகையும் இடித்துத் தள்ளப்பட்டன. இன்று நாம் போய்ப் புகைப்படம் எடுத்துக்கொள்ளும் வெள்ளை நகரத்தின் தெருக்கள், 1765இல் பிரெஞ்சுக்காரர் திரும்பி வந்தபின் எழும்பியவை.

லாலி கைதியாக இங்கிலாந்துக்குப் போனார். தம்மீது சொல்லப்பட்ட பழிகளுக்குப் பதில் சொல்லத் தாமாகவே அனுமதி வாங்கிப் பாரீசுக்குத் திரும்பினார். 1766 மே 9 அன்று, பேசவிடாமல் வாயை அடைத்து, பொதுவிடத்தில் அவர் தலையை வெட்டினார்கள். மினோர்க்காவைக் காக்கத் தவறியதற்காக ஆங்கிலேயரும் 1757இல் தங்கள் கடற்படைத் தளபதி பிங்கைப் போர்க்கப்பல் ஒன்றின் மேல்தளத்திலேயே சுட்டுக் கொன்றார்கள் என்பதால் இதில் எந்த நாட்டுக்கும் பெருமையில்லை. லாலி கொடியவர், முன்கோபி, இந்த மண்ணை அறியாதவர். இதிலெல்லாம் எனக்கு ஐயமில்லை. ஆனால் பணமும் கப்பலும் அனுப்பாத அரசு, பணமும் கப்பலும் இல்லாமல் தோற்றதற்காக ஒருவரைக் கொன்றது. தீர்ப்பு 1778இல் ரத்தாயிற்று.

கணக்கு முடித்த விதம்

பணம்தான் எல்லாம் என்று சொல்லிவிட்டால் பிரெடெரிக் குறுக்கே நிற்பார். அவரிடம் பணமும் இல்லை, ஆளும் இல்லை. நாணயத்தில் வெள்ளியைக் குறைத்து அடித்து ஓட்டினார். 1762 ஜனவரியில் ரஷ்யப் பேரரசி எலிசபெத் இறந்து, பிரெடெரிக்கைப் போற்றும் மூன்றாம் பீட்டர் அரியணையேறியதால் தப்பினார். அதிர்ஷ்டத்துக்கும் போரில் பங்குண்டு. ஆயினும் அதிர்ஷ்டம் வரும்வரை தாக்குப்பிடிக்க அவருக்கு லண்டன் மானியம் உதவியது. அவ்வாண்டு ஸ்பெயினும் போரில் இறங்க, பிரிட்டன் ஹவானாவைப் பிடித்தது. சென்னையிலிருந்து ஆகஸ்டில் புறப்பட்ட ஒரு படை, சிப்பாய்களும் கப்பல் கூலிகளும் சேர்ந்து, அக்டோபரில் மணிலாவைப் பிடித்தது. போர் மூண்ட செய்தியே மணிலாவுக்கு அப்போது வந்து சேர்ந்திருக்கவில்லை. அந்தச் சிப்பாய்களில் சிலர் திரும்பாமல் அங்கேயே தங்கிவிட்டார்கள். மணிலாவை அடுத்த கைந்தாவில் அவர்கள் வழிவந்தவர்கள் இன்றும் இருப்பதாகச் சொல்கிறார்கள்.

1763 பிப்ரவரி 10 அன்று பாரீசிலும், ஐந்து நாள் கழித்து ஹூபர்ட்டஸ்பர்க்கிலும் உடன்படிக்கைகள் ஆயின. ஐரோப்பாவில் சிலேசியா பிரெடெரிக்கிடமே இருந்தது. போர் தொடங்கியபோது இருந்த எல்லைகளே மிஞ்சின. கனடா பிரிட்டனுக்குப் போயிற்று. கரும்பு விளையும் குவாதலூப், மார்த்தினிக் தீவுகளைத் திரும்பப் பெற்றதில் பிரான்ஸ் நிம்மதியடைந்தது. புதுச்சேரியும் மற்ற ஊர்களும் திரும்பக் கிடைத்தன. கடன் சுமை அழுத்த, பிரிட்டன் 1765இல் அமெரிக்கக் குடியேற்றங்கள்மீது முத்திரை வரி போட்டது. அது போய் முடிந்த இடம் எல்லாருக்கும் தெரியும்.

பாரீஸ் உடன்படிக்கையின் பதினோராம் பிரிவை நம் ஊரில் யாரும் படிப்பதாகத் தெரியவில்லை. கர்நாடகத்தின், அதாவது ஆற்காட்டுச் சீமையின், முறையான நவாபாக ஆங்கிலேயர் ஆதரித்த முகமது அலியையும், தக்காணத்தின் சுபேதாராக சலாபத் ஜங்கையும் பிரிட்டனும் பிரான்சும் அதில் ஏற்றுக்கொள்கின்றன. சலாபத் ஜங்கை அவருடைய தம்பி நிஜாம் அலி 1762லேயே பதவியிலிருந்து இறக்கிச் சிறையில் வைத்துவிட்டார். உடன்படிக்கை ஆன அவ்வாண்டே அவர் கொல்லப்பட்டார். பாரீசில் அங்கீகாரம் பெற்றபோது அவர் ஒரு கைதி.

முகமது அலிக்கு அங்கீகாரத்தோடு செலவுச் சீட்டும் வந்தது. அவருக்காகத்தான் போரிட்டோம் என்று சொல்லி, புதுச்சேரி முற்றுகை உட்படப் போர்ச்செலவைக் கம்பெனி அவர் கணக்கில் எழுதியது. 1763இல் செங்கல்பட்டுச் சீமையை ஜாகீராக, அதாவது அதன் வரி வருமானத்தை எடுத்துக்கொள்ளும் உரிமையோடு, கம்பெனிக்குக் கொடுத்தார். மீதிக்கு, கம்பெனியின் ஊழியர்களிடமே தனிப்பட்ட முறையில் அதிக வட்டிக்குக் கடன் வாங்கினார். ஈடாக ஒவ்வொரு சீமையின் நிலவரி வசூலையும் அவர்களுக்கு எழுதிக்கொடுத்தார். கடன் கொடுத்தவரின் ஆள் அறுவடைக் காலத்தில் களத்துமேட்டில் வந்து நிற்பான். நவாபின் வம்சத்திடமிருந்து 1801இல் கம்பெனி நாட்டையே எடுத்துக்கொண்டபின், ஆற்காட்டுக் கடன்களை ஆராய 1805இல் ஓர் ஆணையம் அமைத்தார்கள். வந்த உரிமைக் கோரிக்கைகளில் பெரும்பகுதியைப் போலி என்று தள்ளிவிட்டு, அது தன் வேலையை 1830இல் முடித்தது.